80 சென்டிமீட்டர் தடைக்கு ஒரு தேசியச் சங்கம் தேவையா?

2021 ஆகஸ்ட். டோக்கியோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த நேரம். நான் டிப்ளமோ முடிக்கும் முன்பே டிஜிட்டல் டெஸ்க்கில் இன்டர்னாக உட்கார்ந்திருந்தேன். பெங்களூரு வீரர் ஃபவாத் மிர்சா, 'செய்னியர் மெடிகாட்' என்ற குதிரையோடு ஈவென்டிங் போட்டியில் 23-வது இடம் பிடித்தார். இருபது வருடங்களுக்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஓர் இந்தியர். நான் செய்தியை டைப் செய்தபோது பக்கத்து சீட் அண்ணன் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இதுல மார்க்கு குதிரைக்கா, மனுஷனுக்கா?"

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அன்று தேடிப் படித்ததில் தொற்றிக்கொண்ட ஆர்வம் எனக்கு இன்னும் விடவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பெரியம்மா மகள், இங்கிலாந்தின் க்ளோஸ்டர்ஷைரில் நர்ஸாக இருக்கிறாள். அவள் மகளுக்கு 14 வயது. அந்தப் பெண் குதிரைப் பைத்தியம்.

"சைக்கிள் ஓட்டவே பயந்தவளோட பொண்ணா இவ?" என்று பெரியம்மா ஊரிலிருந்து போனில் கேட்பார். எங்கள் குடும்பத்தில் யாரும் குதிரைமேல் உட்கார்ந்ததில்லை, மெரினாவில் போட்டோ எடுத்ததைத் தவிர. அப்படிப்பட்ட வீட்டில் போன வருடம் இரண்டு மாதம் ஒரே பேச்சு. அந்தப் பெண் தன் முதல் பெரிய போட்டியை எங்கே ஆடுவது? தேசியச் சங்கத்தில் பதிவான போட்டியிலா, இல்லை உள்ளூர்ப் போட்டியே போதுமா?

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் பிரிட்டனின் குதிரை உலகத்தில் பல வருடங்களாக ஓயாத சண்டை இது.

முதலில், இது என்ன விளையாட்டு?

ஈவென்டிங்கில் மூன்று பகுதிகள். முதலில் டிரஸாஜ். ஒரு செவ்வக மைதானத்துக்குள், சொன்ன இடத்தில் நடை, சொன்ன இடத்தில் ஓட்டம், வட்டம், திருப்பம் என்று குதிரையை நடத்திக் காட்ட வேண்டும். அடுத்து ஷோ ஜம்பிங். கலர் கலரான கம்புகளைத் தட்டிவிடாமல் தாண்ட வேண்டும். ஒரு கம்பு விழுந்தால் 4 பெனால்டி. மூன்றாவது கிராஸ் கன்ட்ரி. திறந்த வயல்வெளியில் மரத்தடி, பள்ளம், தண்ணீர், வேலி என்று அசையாத தடைகளை வேகமாகத் தாண்டி வர வேண்டும். குதிரை ஒரு தடையில் முதல்முறை மறுத்தால் 20 பெனால்டி. அதே தடையில் இரண்டாவது முறை மறுத்தால் இன்னொரு 40. குறைந்த பெனால்டி உள்ளவர் ஜெயிப்பார்.

இதன் உச்சிகளில் ஒன்று, 1949-ல் தொடங்கிய பேட்மிண்டன் போட்டி. நாம் ஆடும் ஷட்டில் விளையாட்டுக்குப் பெயர் வந்ததும் க்ளோஸ்டர்ஷைரில் உள்ள இதே பேட்மிண்டன் மாளிகையிலிருந்துதான். அந்த உச்சியில் அசையாத தடைகள் 1.20 மீட்டர் வரை இருக்கும். நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகத்தில், பதினோரு நிமிடத்துக்கும் மேலாக ஓட வேண்டும்.

இதே ஏணியின் அடிப்படி 'பி.இ.80'. பி.இ. என்பது பிரிட்டிஷ் ஈவென்டிங் என்ற தேசியச் சங்கத்தின் சுருக்கம். கிராஸ் கன்ட்ரி தடை 80 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 435 மீட்டர். நம் வீட்டு டைனிங் டேபிளைவிட ஒரு கைப்பிடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 90, 100, பிறகு 1.10 மீட்டர் உள்ள 'நாவிஸ்'.

இங்கேதான் கேள்வி. டேபிள் உயரத் தடையைத் தாண்ட எதற்கு தேசியச் சங்கம், மெம்பர்ஷிப், குதிரைக்குப் பதிவு, இணையத்தில் ரிசல்ட்? இதையெல்லாம் ஊர் ரைடிங் கிளப்பே நடத்திக்கொள்ளாதா?

ஒரு சனிக்கிழமை

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்த விதம் நல்லவிதம் இல்லை.

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், அக்கா மகள் பதிவு இல்லாத ஓர் உள்ளூர்ப் போட்டிக்குப் போனாள். தடை 70 செ.மீ.தான். கட்டணம் கொஞ்சம், போனோமா வந்தோமா என்கிற மாதிரியான ஏற்பாடு. அக்காவுக்கு அன்று டூட்டி. குதிரைக்குச் சொந்தக்கார ஆன்ட்டிதான் கூட்டிப்போனார். அவர் வண்டியை எடுக்கப் போயிருந்த நேரத்தில், வார்ம்-அப் மைதானத்தில் குதிரை சட்டென்று நின்றுவிட்டது. இவள் அதன் கழுத்து வழியாகச் சரிந்து விழுந்தாள். எழுந்தாள். மண்ணைத் தட்டினாள். "ஐ'ம் ஃபைன்" என்றாள். மறுபடி ஏறி, முழுச் சுற்றும் முடித்து ரிப்பனும் வாங்கினாள்.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வாந்தி. அப்புறம்தான் விழுந்த கதையே வெளியே வந்தது. அக்கா தான் வேலை பார்க்கும் இடத்துக்கே மகளை அழைத்துக்கொண்டு ஓடினாள். கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டதால் மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சி. பல வாரங்கள் பள்ளி பாதி நாள்தான். போனைப் பார்த்தால் தலைவலி. என்னோடு வீடியோ கால் பேசும்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினாள்.

அந்த இடத்தில் முதலுதவி ஆள் இல்லாமல் இல்லை. இருந்தவர்கள் யாரும் கெட்டவர்களும் இல்லை. அக்கா சொன்னது இதுதான்: "அடி படுறது வேற விஷயம்டி. என் புள்ள விழுந்தான்னு அங்க ஒருத்தரும் ஒரு பேப்பர்ல எழுதலையே. அடுத்த நாளே வேற ஊர்ல போய் ஏறியிருந்தா, அங்க யாருக்குத் தெரியும்?"

"என் காலத்துல மூன்றரை அடிதான் முதல் படி"

டாக்டர் மறுபடி ஏறலாம் என்று சொன்ன பிறகு, அக்கா ஒரே பிடியாக நின்றாள். போட்டி என்றால் இனி பதிவான போட்டி மட்டும்தான்.

குதிரைக்குச் சொந்தக்கார ஆன்ட்டிக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் அக்காவின் வார்டில் முன்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்குகிறார். அவருடைய 'பிஸ்கட்' என்ற குதிரையைத்தான் எங்கள் பெண் வாரம் மூன்று நாள் பராமரித்து, சாணி அள்ளி, பதிலுக்கு ஓட்டுகிறாள். ஏப்ரலில் நான் மூன்று வாரம் லீவில் அங்கே போயிருந்தபோது, அவர் சமையலறையில் டீயோடு உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கேட்டேன்.

அவர் சொன்னதை முடிந்தவரை அவர் போக்கிலேயே தருகிறேன். "நான் இளம்பெண்ணாக இருந்த 1970-களில் நாவிஸ்தான் முதல் படி. ஏறக்குறைய மூன்றரை அடி. அதைத் தாண்டத் தெரியாதவர்கள் சங்கப் போட்டிக்கு வர மாட்டோம். போனி கிளப்பிலும் ரைடிங் கிளப்பிலும் வருடக்கணக்காக உருண்டு புரண்டு கத்துக்குவோம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். இப்போது 80-க்கும் பதிவு, பாயின்ட், ரிசல்ட் என்று வந்துவிட்டது. ரிசல்ட் இணையத்தில் வந்தால் பிள்ளைகளுக்கு அடுத்து 90 போகணும். பெற்றோருக்கு ஓட்டத் தெரிந்த குதிரையை விலைக்கு வாங்கணும். சங்கத்துக்கு மெம்பர்ஷிப் பணம் வேணும். இதில் பிள்ளை எங்கே கத்துக்கும்?"

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. போனி கிளப் 1929-லிருந்து இருக்கிறது. அதற்கென்று தலைக்கவச விதி, தேர்வு, படிநிலை எல்லாம் உண்டு. 'பதிவில்லாத போட்டி என்றாலே ஆபத்து' என்று சொல்வது அநியாயம். செலவும் நிஜம். ஆளுக்கு மெம்பர்ஷிப், குதிரைக்குப் பதிவு, ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை. ஒரு நர்ஸ் சம்பளத்தில் அக்கா கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

அவர் சொல்லாத இன்னொரு குறையும் இந்த உலகத்தில் அடிக்கடி பேசப்படுகிறது. 90, 100 பிரிவுகளில் சர்வதேச அளவில் ஆடுபவர்கள் தங்கள் இளம் குதிரைகளோடு வருவார்கள். குதிரைக்கும் எங்கேயாவது முதல் பாடம் வேண்டுமே. ஆனால் வேலை முடித்து வந்து பயிற்சி செய்கிற ஒரு டீச்சரோ நர்ஸோ அவர்களோடு போட்டி போட்டு ரிப்பன் வாங்குவது எப்படி?

இதைக் கேட்டபோது எனக்கு நம்மூர் செஸ் ஞாபகம் வந்தது. ஃபிடே ரேட்டிங் இல்லாத பிள்ளை உள்ள அப்பார்ட்மென்ட் சென்னையில் குறைவு. உலக செஸ் சம்மேளனம் 2024 மார்ச்சில் ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000-லிருந்து 1400-க்கு உயர்த்தியது. அதற்குக் கீழே ஆடுகிறவர்கள் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அதனால் யாரும் செஸ் கற்பதை நிறுத்தவில்லை. அப்படியென்றால் குதிரையேற்றத்திலும் அடிக்கோட்டை 100-க்கோ 110-க்கோ உயர்த்தினால் என்ன?

வேலி ஓரத்தில் ஒரு நாள்

பதில் எனக்குக் கிடைத்தது ஓர் ஈரமான ஞாயிற்றுக்கிழமை. அங்கே இந்தப் போட்டிகள் தன்னார்வலர்கள் இல்லாமல் நடக்காது. கிராஸ் கன்ட்ரியில் ஒவ்வொரு தடைக்கும் ஒரு நடுவர் வேண்டும். அக்கா பெயர் கொடுத்திருந்தாள். ஜோடிக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

காலையில் ஒரு கூட்டம். என்ன பார்க்க வேண்டும், எதை எழுத வேண்டும், எப்போது சிவப்புக் கொடியைத் தூக்கி அடுத்து வருபவரை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கையில் ரேடியோ, விசில், ஸ்கோர் ஷீட், ஒரு சாண்ட்விச் பொட்டலம். தடையின் வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளைக் கொடி. நடுவில் குதிரை தாண்டினால் சரி. எங்கள் தடை ஒரு மரத்தடி. முழங்காலைவிடக் கொஞ்சம் உயரம். அதன்மேலேயே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டிருக்கலாம்.

வந்தவர்களைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள். நரைத்த தலைகள். குதிரையோடு சத்தமாகப் பேசிக்கொண்டே வந்த ஒரு அம்மா. பயத்தில் எண்ணிக்கொண்டே வந்த ஒரு பெரியவர். இவர்களில் யாரும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டை கட்டியிருந்தது. அதற்குள் ஓர் அட்டை: பெயர், அலர்ஜி, எடுக்கும் மருந்து, இதற்கு முன் பட்ட காயங்கள். தலைக்கவசத்தில் சோதித்துப் பார்த்ததற்கு அடையாளமாகச் சின்ன டேக். மேலே உடல் கவசம். அக்கா அந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸின் கண்.

மதியம் எங்கள் தடைக்கு ஒரு பெண் வந்தாள். குதிரை நின்றது. அவள் நிற்கவில்லை. அக்கா ரேடியோவில் சொன்னாள், நான் கொடியைத் தூக்கினேன். மருத்துவக் குழு வண்டி வந்தது. அந்தப் பெண் எழுந்து "ஐ'ம் ஃபைன்" என்றாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்கள் அவள் சொன்னதை நம்பிவிட்டுப் போகவில்லை. உட்கார வைத்துச் சோதித்தார்கள், எழுதினார்கள். கிராஸ் கன்ட்ரியில் விழுந்தால் அன்றைய போட்டி முடிந்தது, மறுபடி ஏறக் கூடாது என்பது விதி. அவள் அழுதுகொண்டே குதிரையை நடத்திப் போனாள்.

70 செ.மீ. என்றாலும் 80 என்றாலும், விழுகிற உயரம் குதிரையின் முதுகிலிருந்துதான். தடை சின்னது என்பதற்காகத் தரை மென்மையாகிவிடாது.

செஸ் வேறு, குதிரை வேறு

செஸ்ஸில் கீழ்மட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தால் யாருக்கும் எலும்பு முறியாது. இங்கே பதிவேடு என்பது வெறும் ரேங்கிங் இல்லை. யார் விழுந்தார், எந்தக் குதிரை அடிக்கடி விழுகிறது, யாருக்கு ஓய்வு கட்டாயம் என்கிற ஞாபகம் அது. சனிக்கிழமை ஓர் ஊரில் தலையில் அடிபட்டவர் ஞாயிற்றுக்கிழமை இன்னோர் ஊரில் ஏறாமல் தடுப்பது அந்த ஞாபகம்தான்.

இந்த ஞாபகம் சும்மா வந்துவிடவில்லை. 1999-ல் பிரிட்டனில் மட்டும் ஐந்து ஈவென்டிங் வீரர்கள் இறந்தார்கள். லார்ட் ஹார்டிங்டன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 2000-ல் வந்த அதன் அறிக்கை, குதிரை விழாமல் தடுப்பதையே முதல் வேலையாக வைத்தது. குதிரையின் முன்னங்கால் அசையாத தடையில் மாட்டி, அது தலைகீழாகப் புரண்டு ஓட்டியவர்மேல் விழுவதுதான் மிகக் கொடிய விபத்து. அதன் பிறகுதான் பலமாக மோதினால் முறிந்து கம்பைக் கீழே இறக்கும் பின்கள் தடைகளில் வந்தன. விழுந்த விவரங்களைச் சேகரித்துப் பார்த்துத்தான் எந்தத் தடை ஆபத்து, எது பரவாயில்லை என்று கற்றுக்கொள்ள முடியும்.

கீழ்ப் பிரிவுகளில் எனக்குப் பிடித்த விதி இன்னொன்று. மெதுவாக வந்தால் பெனால்டி, சரி. குறித்த நேரத்தைவிட 15 வினாடிக்கு மேல் முந்தி வந்தாலும் பெனால்டி! ஆரம்பத்தில் இருப்பவர் வேகத்தைக் காட்டிப் பரிசு வாங்கக் கூடாது என்பதற்காக. பி.இ.80-க்குப் பின்னால் 'டி' என்று போடுவதும் உண்டு. டிரெய்னிங். சங்கத்தின் பயிற்சியாளர் அங்கேயே இருப்பார், தடைகளைச் சுற்றிப் பார்க்கும்போது யோசனை கேட்கலாம். ஆன்ட்டி தேடும் அந்தப் பழைய பொறுமையை விதியாகவே எழுத முடியும் என்பதற்கு இவை சாட்சி.

பணக் கணக்கும் இருக்கிறது. இந்த விளையாட்டில் கூட்டம் இருப்பது கீழேதான். அவர்களின் நுழைவுக் கட்டணமும், அவர்கள் குடும்பங்களிலிருந்து வரும் தன்னார்வலர்களும் இல்லாமல் மேல்தட்டுப் போட்டிகள் ஓடாது. பேட்மிண்டனிலேயே 90, 100 பிரிவுகளுக்கு அடித்தட்டுச் சாம்பியன்ஷிப் நடக்கிறது. பெரிய வீரர்கள் ஓடும் அதே பூங்காவில், அதே வாரத்தில். வெளியே போ என்று சொன்னால், போகிறவர்கள் வயலையும் விசிலையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால் என் கட்சி இதுதான்: அடிப்படிப் பிரிவுகள் சங்கப் போட்டிக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஆன்ட்டியின் எச்சரிக்கையையும் உள்ளே எடுத்துக்கொண்டுதான். 80-ல் ஆடுகிறவரிடம் முழு வருட மெம்பர்ஷிப் கேட்காமல், ஒருநாள் சீட்டு போல மலிவான வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். இளம் குதிரையோடு வரும் பெரிய வீரர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும். எல்லாவற்றையும்விட, விழுந்ததை எழுதி வைக்கும் ஒரே பதிவேடு பதிவில்லாத போட்டிகளுக்கும் நீள வேண்டும். போனி கிளப்போ ரைடிங் கிளப்போ ஊர் வயலோ, அடிபட்ட தலை ஒன்றுதானே?

கடைசியில் என்ன ஆச்சு?

ஆன்ட்டியும் அக்காவும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். போட்டி பதிவானதாக இருக்கும்; அது அக்கா சொன்னது. ஒரு முழு சீசன் 80-ஐத் தாண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது. அது ஆன்ட்டி சொன்னது. பாதிச் செலவுக்கு எங்கள் பெண் கோடை முழுக்கக் கூடுதல் லாயத்தில் சாணி அள்ளினாள்.

ஜூலையில் நான் சென்னையில் நைட் ஷிஃப்டில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது. ரிசல்ட் பக்கம். அவள் பெயர், பிஸ்கட்டின் பெயர், கிராஸ் கன்ட்ரியில் ஒரு மறுப்புக்கு 20 பெனால்டி, மெதுவாக வந்ததற்குக் கொஞ்சம் நேரப் பெனால்டி. நடுவில் எங்கோ ஓர் இடம்.

"சித்தி, பிஸ்கட் தண்ணிகிட்ட நின்னுட்டான். நான் விழல. எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, பாரு!"

பெரியம்மாவுக்கு அனுப்பினேன். "20 மார்க்கா? பரவால்லயே!" என்று பதில் வந்தது. குறைந்தால்தான் நல்லது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அக்காவிடமிருந்து வந்தது ஒரு போட்டோ மட்டும். மகளின் கைப்பட்டையில் இருந்த அந்த அட்டை. காயங்கள் என்ற இடத்தில், முந்தைய இலையுதிர் காலத்தின் தேதி அவள் கையெழுத்தில் இருந்தது.